நேசம் மிஸ் திருப்பிக் கொடுத்த திட்டம்

நேசம் கிளெமென்ற் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, கல்யாணம் கட்டாமல், தங்கை யோசெப்பினோடு தகப்பன் விட்டுப்போன வீட்டிலேயே இருந்தவர். தகப்பன் துறைமுக அலுவலகத்தில் கிளாக். வாரநாட்களில் நேசமும் நானும் ஒரே நூலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை செய்தோம். சனிக்கிழமைகளில் அவர் கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போவார். அங்கே ஒரு தனியார் பாடசாலை மண்டபத்தில் நூலகராக வர விரும்புகிறவர்களுக்குத் தமிழில் டிப்ளோமா வகுப்பு நடந்தது. அதில் ஒரு பாடம் அவருடையது. அந்தப் பாடத்தால் அவருக்கு வந்த துயரத்தைத்தான் சொல்லப்போகிறேன். பாதி நான் கண்டது. மற்றது மத்தியானச் சாப்பாட்டு மேசையில், வெவ்வேறு நாட்களில், அவர் எனக்குச் சொன்னது.

பாடத்தின் பெயர் நீளமானது: நூலக மேம்பாட்டுத் திட்டங்களை வகுத்தலும் மதிப்பிடலும். மாணவர்கள் 'திட்டப் பாடம்' என்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறிய நூலகத்தை எடுத்து, அங்கே உள்ள ஒரு குறையைக் கண்டு, அதைத் திருத்தத் திட்டம் போட்டு, செய்து, பலன் கிடைத்ததா என்று பார்த்து எழுத வேண்டும். மற்ற விரிவுரையாளர்கள் இந்தப் பாடத்தை எடுக்கத் தயங்கினார்கள். நேசம் விரும்பி எடுத்தார். அதற்குக் காரணம் இருந்தது.

இருபத்தைந்து வயதில் அவர் தங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் வாசிகசாலையைப் பொறுப்பெடுத்து நடத்தினார். முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே வந்து, நிலத்தில் படுத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள், வாசிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு சபை உதவி செய்ய முன்வந்தது. நேசம் யாரையும் கேட்காமல் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிகள் வாங்கினார். புத்தகங்கள் பூட்டுக்குள் போயின. அறை பளபளத்தது. பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டார்கள். ஏனென்று ஒரு சிறுமியைக் கேட்டபோது, "கண்ணாடி உடைஞ்சா அடிப்பீங்கதானே மிஸ்" என்றாளாம். அந்தச் சபைக்கு அனுப்பிய அறிக்கையில் 'வாசிகசாலை சிறப்பாக மேம்படுத்தப்பட்டது' என்று நேசம் எழுதியிருந்தார். அந்த வசனத்தை நினைத்தால் பிறகும் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

அதனால் வகுப்பில் சில விஷயங்களில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். முதலில் ஆட்களைக் கேட்க வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், யார் வராமல் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். கட்டடத்தின் படம் கீற வேண்டும். கட்டடத்தோடு நிற்காமல், வாசகர் எந்த வழியால் வருகிறார், வழியில் என்ன தடை இருக்கிறது என்பதும் அந்தப் படத்தில் இருக்க வேண்டும். மாற்றம் செய்த பிறகு திரும்ப எண்ண வேண்டும். "சரிவரேல்லையெண்டால் சரிவரேல்லை எண்டு எழுதுங்கோ. அதுக்கும் நான் புள்ளி போடுவன். பொய்க்குத்தான் போடமாட்டன்" என்பார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு வகுப்பில் கதிர்காமநாதன் சேர்ந்தார். நாற்பது வயது தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் படிப்பித்துக்கொண்டு, அதன் நூலகத்தையும் பார்த்தவர். தொண்ணூற்றைந்து ஒக்டோபரில் ஆமி முன்னேறி வர, சனமெல்லாம் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நூலகத்தைப் பூட்டித் திறப்பை அதிபரிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். பிறகு வவுனியாவில் முகாம், பயணம் செய்யப் பாஸ், கடைசியில் கொழும்பு. மனைவி தவமணிக்குக் கண்ணில் ஒப்பரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அது முடிந்த பிறகும் மாதாமாதம் கிளினிக்குக்கு வரச் சொன்னதால் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு லொட்ஜ் அறையில் இருவரும் தங்கினார்கள். பிள்ளைகள் இல்லை. சும்மா இருக்க முடியாமல்தான் அவர் வகுப்புக்கு வந்தார்.

நேசத்தைவிட அவர் ஓரிரு வயதுதான் குறைவு. அவர் இவரை 'மிஸ்' என்பார், இவர் அவரை 'மாஸ்டர்' என்பார். மாஸ்டர் வகுப்பில் முன்வரிசையில் இருந்து நிறையக் கேள்வி கேட்பார். "சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கேப்பார், ஆனா கேட்டு முடிய ஒரு சிரிப்பு" என்று நேசம் என்னிடம் சொன்னார். அந்த மாதங்களில் திங்கட்கிழமை காலைகளில் அவர் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி ஒரு கதையாவது கொண்டு வருவார்.

மாஸ்டர் தன் திட்டத்துக்கு எடுத்தது தங்கள் ஒழுங்கையிலேயே இருந்த ஒரு சிறிய வாசிகசாலையை. நலன்புரிச் சங்கம் ஒன்று ஒரு பழைய வீட்டின் முன்பக்கத்தில் அதை நடத்திவந்தது. காலையில் பேப்பர் வந்ததும் லொட்ஜுகளில் தங்கியிருக்கும் ஆண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று வாசிப்பார்கள். ஊர்ச் செய்தி தேடி வந்தவர்கள் நகரவே மாட்டார்கள். உள்ளே ஒரு அறை நிறையப் புத்தகம் இருந்தும் பெண்கள் வருவதில்லை. தவமணி அவர்களைக் கேட்டுப் பார்த்தார். "வாசல்ல அவ்வளவு ஆம்பிளையள் நிக்கேக்க எப்பிடிப் போறது?" என்றார்கள். பேப்பர் மேசையை விறாந்தையின் மற்றப் பக்கத்துக்கு மாற்றினால் வாசல் விடுபடும், உள் அறையைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கலாம் என்பதுதான் மாஸ்டரின் திட்டம். ஒரு பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார்.

நேசம் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல யோசனை மாஸ்டர். ஆனா எண்ணிக்கை எங்க? படம் எங்க?"

"மிஸ், பொம்பிளையள் வாறேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் அங்கதானே இருக்கிறன்."

"உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கிற எனக்குத் தெரியாதே. இப்ப எத்தனை பேர் எண்டு எழுதாமல், நாளைக்குக் கூடியிட்டுது எண்டு எப்பிடிச் சொல்லப்போறீங்கள்?"

மாஸ்டர் குரலைத் தணித்து, "மிஸ், கொழும்பில ஒரு கட்டடத்துக்கு முன்னால நிண்டு போறவாற ஆக்களை எண்ணி எழுதுறது… எங்களுக்கு அது சரிவருமோ?" என்று கேட்டார்.

"வாசிகசாலையில ஆக்களை எண்ணுறதுக்கு ஆர் என்ன சொல்லப்போகினம்? சங்கத்துக்காரரிட்டக் கேட்டுட்டு, உள்ளுக்குள்ள ஒரு கதிரையைப் போட்டு இருந்து எண்ணுங்கோ" என்றார் நேசம்.

சாதாரணமாகச் சொன்ன பதில்தான். நேசம் கொழும்பில் பிறந்தவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்தால் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். யாழ்ப்பாணம் என்று எழுதிய அட்டையை வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் அது அவர் நினைவுக்கு வரவில்லை.

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் எண்ணினார். சில வாரங்களுக்குப் பிறகு மடித்த பெரிய தாள் ஒன்றைக் கொண்டு வந்து நேசத்தின் மேசையில் விரித்தார். வாசிகசாலை, விறாந்தை, கதவுகள், யன்னல்கள், ஒழுங்கை, லொட்ஜுகள், கடைசியில் காலி வீதி என்னும் பெரிய தெரு. ஒழுங்கை வீதியில் ஏறும் முனையில் ஒரு சின்னச் சதுரம் கீறி 'காவலரண்' என்று எழுதியிருந்தார். மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள் என்ற எண்கள் பக்கத்தில்.

"இஞ்ச பாருங்கோ மிஸ்" என்று அந்தச் சதுரத்தில் விரலை வைத்தார். "வாசலை விடுவிச்சாலும் பின்னேரத்தில பொம்பிளையள் வரமாட்டினம். ரெண்டு லொட்ஜ் வீதிக்கு மற்றப் பக்கம். அங்கயிருந்து வாறதெண்டால் இந்தச் சென்றியைத் தாண்ட வேணும். பின்னேரம் ஆமிக்காரர் மாறின பிறகு பையைக் கொட்டிப் பாக்கிறாங்கள், என்னத்தையாவது சொல்லிச் சிரிக்கிறாங்களாம். அதால நாலு மணிக்குப் பிறகு ஒருத்தரும் வாறேல்லை. மேசையை மாத்தினாக் காலமைதான் பலன். பின்னேரத்துக்கு வேற வழி யோசிக்க வேணும்."

நேசம் அந்தப் படத்தை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களோ? குறை கட்டடத்துக்குள்ள மட்டும் இருக்கிறேல்லை. இப்பிடித்தான் படம் கீற வேணும்" என்றார். எண்களை மட்டும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பின்னேரத்துக்கான வழியையும் சேர்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லிப் படத்தை மாஸ்டரிடமே கொடுத்தார். திங்கட்கிழமை என்னிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். "இத்தனை வருஷம் படிப்பிச்சதுக்கு ஒராள் சரியா விளங்கியிருக்கிறார்" என்றார்.

அந்த ஒக்டோபரில் கொழும்பு நகரத்துக்குள் ஒரு பெரிய குண்டு வெடித்தது. வெள்ளவத்தையில் சுற்றிவளைப்புகள் தொடங்கின. ஒரு நாள் அதிகாலையில் ஆமியும் பொலிஸும் ஒழுங்கையின் இரு முனைகளையும் மறித்துக்கொண்டு லொட்ஜ் லொட்ஜாக ஏறினார்கள். மாஸ்டர், லொட்ஜில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த துண்டை எடுத்துக் காட்டினார். அது சரியாகத்தான் இருந்தது. கட்டிலுக்குக் கீழே திட்டத் தாள்களைப் போட்டு வைத்திருந்த கோவையை ஒரு சிப்பாய் இழுத்தான். படம் வெளியே வந்தது. காவலரண் என்ற சொல்லை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் அவர்களோடு வந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கிச் சற்று நேரத்தில் மண்டப வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி, "நேசம் மிஸ் ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான். வாங்கோ. நீங்கள்…"

"கதிர்காமநாதன் மாஸ்டரின்ர மனிசி. அவரைக் கொண்டு போயிட்டாங்கள் மிஸ். உங்கட படத்தோட கொண்டு போயிட்டாங்கள்."

உங்கட படம் என்றுதான் தவமணி சொன்னார். நேசம் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். நேசம் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். டிப்ளோமா என்றால் என்ன, நூலகத்தில் ஏன் ஆட்களை எண்ணுகிறார்கள், மேசையை ஏன் மாற்ற வேண்டும்.

"அதெல்லாம் சரி மிஸ். நூலகத்துக்குச் சென்றி எதுக்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பெண்கள் பின்னேரத்தில் வராததற்கு அது ஒரு காரணம் சேர்" என்று சொல்ல வாயெடுத்த நேசம் நிறுத்திக்கொண்டார். அதைச் சொன்னால் ஆமியைப் பற்றிய முறைப்பாடாகிவிடும். முறைப்பாடு மாஸ்டர் செய்ததாக எழுதப்படும். "வழியைக் காட்டுவதற்கு ஒரு அடையாளம் சேர், அவ்வளவுதான்" என்றார். தன் வாழ்க்கையில் தான் சொன்ன மிகப் பலவீனமான பதில் அதுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார். உண்மையான காரணம் கையில் இருந்தும் அதை வெளியே எடுக்க முடியவில்லை.

"யார் இதைக் கீறச் சொன்னது?"

"நான்."

அவரிடம் நீண்ட வாக்குமூலம் எடுத்தார்கள். வீட்டு முகவரி, தகப்பன் பெயர், வடக்கில் யார் சொந்தம் என்று எல்லாம் கேட்டார்கள். முடிவில் இன்ஸ்பெக்டர், தான் நம்புவதாகவும் ஆனால் கோவை மேலிடத்துக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். மற்ற மாணவர்களும் இப்படிப் படம் கீறியிருந்தால் கொண்டு வாருங்கள், வகுப்பு வேலைதான் என்று காட்ட உதவும் என்றார்.

அடுத்த சனிக்கிழமை நேசம் வகுப்பில் அதைச் சொன்னார். மற்ற எல்லாருடைய படங்களும் நேசத்தின் அலுமாரிக்குள்தான் இருந்தன. கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவர் ஒவ்வொருவரிடமும் அவரவர் படத்தைத் திருப்பிக் கொடுத்து, "தர விருப்பமெண்டால் தாங்கோ. தராட்டி நான் ஒண்டும் நினைக்கமாட்டன்" என்றார். பெரும்பாலானவர்கள் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். சிலர் அதற்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லை. கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்த நோபேட் என்பவர் தன்னுடையதை நீட்டினார். "நம்மட படத்திலயும் பொலிஸ் போஸ்ட் இருக்கு மிஸ். கொண்டு போங்க" என்றார். இன்னும் ஒன்றிரண்டு பேர் கொடுத்தார்கள்.

அது உதவவில்லை. படங்களை வாங்கிக் கோவையில் சேர்த்தார்கள். நோபேட்டை வேலையிடத்துக்கே போய் விசாரித்தார்கள். மாஸ்டருக்குத் தடுப்புக் கட்டளை எழுதி, நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு நேசத்தின் சனிக்கிழமைகள் வேறு மாதிரி ஆகின. வகுப்பு முடிந்ததும் லொட்ஜுக்குப் போய்த் தவமணியைக் கூட்டிக்கொண்டு தடுப்பு முகாமுக்குப் பஸ் ஏறுவார். தவமணிக்குச் சிங்களம் தெரியாது, கண்ணும் சரியில்லை. வாசலில் நின்று பெயர் பதிவது, கொண்டுபோன சாப்பாட்டைக் காவலர்களுக்கு முன்னால் தின்று காட்டுவது, லோயரோடு கதைப்பது எல்லாம் நேசம்தான். சில நாட்களில் பார்க்க விடுவார்கள். சில நாட்களில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

யோசெப்பினுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது என் முன்னாலேயே சத்தம் போட்டார். "அக்கா, உங்களுக்கு விசரோ? வீட்டுக்கு ரெண்டு தரம் சிஐடி வந்திட்டுப் போயிட்டான். பக்கத்து வீட்டு நோனா இப்ப முகம் குடுத்துக் கதைக்கிறா இல்ல. நீங்க என்ன அவரைப் பிடிச்சுக் குடுத்தனீங்களா?"

"இல்லைத்தான்" என்றார் நேசம். "அவர் எனக்கு விருப்பமான படத்தைக் கீறித் தந்தவர். அவ்வளவுதான்."

யோசெப்பின் குசினிக்குள் போய்விட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை காலை சோற்றுப் பார்சல் இரண்டு கட்டி மேசையில் வைத்திருந்தார். ஒன்று தவமணிக்கு.

மாஸ்டர் முதலில் தைரியமாகத்தான் இருந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, சத்தத்துக்குள்ளே கத்தித்தான் கதைக்க வேண்டும். முதல் நாள் நேசம் அழுதுவிட்டார். "நான்தான் மாஸ்டர் உங்களை…" என்று தொடங்கினார். அவர் கையை ஆட்டி மறித்தார். "அதை விடுங்கோ மிஸ். திட்டம் என்ன மாதிரி? மேசையை மாத்தினதோ? மாத்தாமல் விட்டிடாதையுங்கோ. முந்தின எண்ணிக்கை உங்கட கையிலயும் ஒரு பிரதி இருக்குத்தானே?"

பிரதி இருந்தது. நோபேட்டும் நேசமும் சங்கத்துக்காரரைக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் மேசையை விறாந்தையின் மற்றப் பக்கத்துக்கு மாற்றினார்கள். உள் அறையைக் கழுவி, பாய் வாங்கி விரித்து, பிள்ளைகளுக்கான புத்தகங்களைக் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்கினார்கள். வாசல் விடுபட்டது. படத்தில் மாஸ்டர் கீறியது போலவே இருந்தது.

ஒருவரும் வரவில்லை. சுற்றிவளைப்புக்குப் பிறகு லொட்ஜுகளில் பாதிக் குடும்பங்கள் வேறிடங்களுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த பெண்கள், வாசிகசாலைக்குப் போன மாஸ்டரைத்தான் கொண்டுபோனார்கள் என்று சொல்லிப் பிள்ளைகளையும் விடவில்லை. பேப்பர் வாசிக்க வந்த ஆண்களும் குறைந்தார்கள். நோபேட் சில நாட்கள் கதிரை போட்டு இருந்து பார்த்தார். எண்ணுவதற்கு ஆளில்லை. தவமணி மட்டும் சில பகல் வேளைகளில் போய் அந்தப் பாயில் இருந்துவிட்டு வருவார். கண் தெளிவில்லாததால் வாசிக்க மாட்டார். சும்மா இருப்பார்.

அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் மாஸ்டரின் உடம்பு மோசமானது. கண் மஞ்சளாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மருந்து கேட்டு நேசம் எழுதாத இடமில்லை, தட்டாத கதவில்லை. ஒருவழியாக நீதிமன்றத்தில் வழக்கு எடுபடப் போகிறது, மிஸ் வந்து சாட்சி சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று லோயர் நம்பிக்கை தந்தார். அதைச் சொல்லத்தான் அந்தச் சனிக்கிழமை இருவரும் போனார்கள்.

மாஸ்டர் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கைப் பற்றி அவர் அவ்வளவாகக் கேட்கவில்லை.

"மிஸ், பொம்பிளையள் இப்ப வருகினமோ?"

முன்பெல்லாம் அவர் கேட்டால், 'மேசையை மாத்தியாச்சு, இன்னும் எண்ணி முடியேல்லை' என்று நேசம் கடத்திவிடுவார். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியவில்லை.

"வருகினம் மாஸ்டர்."

"உண்மையாவோ? எத்தனை பேர்?"

நேசம் ஒரு எண்ணைச் சொன்னார். வாயில் வந்த எண். முன்பு இருந்ததைவிட மூன்று மடங்கு.

"பிள்ளையள்?"

"பிள்ளையள்தான் கூட. பாய் போதாமல் இன்னொண்டு வாங்கினம்."

மாஸ்டர் தவமணியைப் பார்த்தார். தவமணி அந்த ஒழுங்கையிலேயே இருப்பவர். வெறும் பாயில் தனியே இருந்துவிட்டு வருபவர். அவர் தலையை நிமிர்த்தி, "ஓம். காலமையில சத்தம் தாங்கேலாது" என்றார்.

மாஸ்டர் சிரித்தார். கேள்வி கேட்டு முடிய வரும் அந்தச் சிரிப்பு. "அப்ப நான் சொன்னது சரி" என்றார். "பின்னேரத்துக்கு நான் வந்து பாக்கிறன். அந்தப் பக்கத்து லொட்ஜுகளுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் குடுக்கலாம் மிஸ். ஒரு பெட்டியில போட்டு. அவை சென்றியைத் தாண்டத் தேவையில்லை." நேரம் முடிந்தது என்று காவலர் கத்தும்வரை பெட்டியின் அளவைக் கையால் காட்டிக்கொண்டே நின்றார்.



வழக்குத் திகதிக்கு முன்னரே மாஸ்டர் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பிந்திவிட்டது என்றார்கள். தவமணிக்குச் செய்தி ஒரு நாள் கழித்துத்தான் வந்தது. பொறளை கனத்தை மயானத்தில் எரித்தார்கள். நாங்கள் கொஞ்சப் பேர்தான். லொட்ஜ் ஆட்கள் சிலர், நோபேட், யோசெப்பின், நான். கொள்ளி வைக்க உறவு இல்லாததால் சங்கத்துக்காரர் ஒருவர் வைத்தார். நேசம் தவமணிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தவமணி மெல்ல விலகி, லொட்ஜ்காரப் பெண் ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. நேசத்தின் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். நேசம் அங்கேயே, இடைவெளி விட்டு, கடைசிவரை நின்றார்.

வழக்கு நாளில் நேசம் நீதிமன்றத்துக்குப் போனார். போகத் தேவையில்லை என்று லோயர் சொல்லியும் போனார். நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். சாட்சி சொல்வதற்காக அவர் வாரக்கணக்காகச் சிங்களத்தில் தயார் செய்து வைத்திருந்தார். எண்ணுவது எதற்கு, படம் எதற்கு, ஒரு நூலகத்துக்கு வரும் வழி ஏன் நூலகத்தின் பகுதி என்பதையெல்லாம் யாருக்கும் விளங்கும்படி. காவலரண் ஏன் படத்தில் இருந்தது என்ற உண்மையையும் இந்த முறை மறைக்காமல் சொல்வதென்று முடிவெடுத்திருந்தார். பெயர் கூப்பிட்டார்கள். லோயர் எழும்பி, சந்தேகநபர் இறந்துவிட்டார் என்றார். நீதவான் ஏதோ எழுதினார். அடுத்த பெயர் கூப்பிட்டார்கள். நேசம் எழும்பி நின்றுவிட்டார். என்ன என்று ஒரு பொலிஸ்காரர் சைகையால் கேட்டார். நான் அவருடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். மாமர நிழலில் நின்று, "ஒரு நிமிஷம்கூட ஆகேல்லை, என்ன?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் பருவத்துப் புள்ளிகளை நேசம் கொடுத்தார். மாஸ்டரின் பெயருக்கு நேரே எதையும் போட வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னது. சரி என்று விட்டுவிட்டார். இனிமேல் மாணவர்கள் கட்டடத்துக்கு வெளியே எதையும் கீறக்கூடாது என்றும் சொன்னார்கள். அதற்கும் சரி என்றார். வாசிகசாலையைச் சங்கம் மூடிவிட்டது. மேசைகளையும் பாயையும் யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேசமும் யோசெப்பினும் வீட்டுக்கு வந்தபோது, ஒழுங்கை முனையில் தவமணி நின்றுகொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைக்கு அவர் வந்தது அதுதான் முதல்தரம். விசாரித்து விசாரித்துத் தனியாக வந்திருக்கிறார். யோசெப்பின்தான், "உள்ளுக்கு வாங்கோ தங்கச்சி, வெயில்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

தவமணி கதிரையின் நுனியில் இருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"திருச்சிக்குப் போறன் மிஸ். அண்ணாவின்ர குடும்பம் அங்க. நாளைக்குப் பிளேன்."

"நல்லது தவமணி. போய்… கண்ணைக் கவனமாப் பாருங்கோ."

தவமணி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"உங்களில கோவமில்லை எண்டு சொல்ல வந்தனான் எண்டு நினைக்காதையுங்கோ" என்றார் தவமணி. "கோவம் இருக்கு. அந்தத் திட்டத்தை நீங்கள் திருப்பிக் குடுக்காமல் விட்டிருந்தால் எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். நினைக்காமல் இருக்க ஏலாது."

"நினையுங்கோ" என்றார் நேசம். "நானும் அதைத்தான் நினைக்கிறன்."

"ஆனா மிஸ், அவரைப் பற்றிக் கதைக்கிறதுக்கு இந்தக் கொழும்பில உங்களைவிட எனக்கு ஆருமில்லை. அதான் வந்தனான்."

அன்று பின்னேரம் வரை இருவரும் கதைத்தார்கள். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும்போது எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் மாற்றுவார் என்று தவமணி சொன்னார். வகுப்பில் ஒருநாள் நோபேட்டோடு வாதாடி, தோற்றதும் எழும்பி நின்று கைதட்டினார் என்று நேசம் சொன்னார். யோசெப்பின் சோறு போட்டார், தேத்தண்ணி ஊற்றினார், இடையிடையே குசினிக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். போகும்போது தவமணி நேசத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை. கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு ஓட்டோவில் ஏறினார். அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நேசம் வெள்ளவத்தைக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. நிர்வாகம் கேட்டபோது, வேறு யாரையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டார். போட்டார்கள். நான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நீங்கள் இல்லாட்டி அந்தப் பாடத்தை ஆர் ஒழுங்காப் படிப்பிக்கிறது?" என்று கேட்டேன்.

நேசம் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். "முன்வரிசையைப் பாக்காமல் படிப்பிக்க எனக்குத் தெரியாது" என்றார். பிறகு எழும்பி, கையைக் கழுவிக்கொண்டு, புதிதாக வந்திருந்த புத்தகங்களுக்கு எண் போடப் போய்விட்டார்.